தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தவர்களுக்கு

மரியே வாழ்க!

எங்கள் கிளைப்பங்கின் அன்பியங்கள் என்னும் அக்கம்பக்கத்துச் சிறு ஜெபக் குழுக்களுக்கும், பங்குத்தந்தைக்கும், கான்வென்ட் சிஸ்டர்மாருக்கும், கோயிலுக்கு வருகிற வழக்கம் இல்லாமலேயே எங்களோடு நின்ற கோத்தகிரிப் பக்கத்து அண்ணன் அக்காமாருக்கும் வணக்கம். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் காப்பகம் உங்கள் தயவில் ஒரு வருஷம் நல்லபடியாக ஓடிவிட்டது. ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நன்றி சொல்லத்தான் ஆசை. வேலை விடுவதில்லை. அதனால் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் நான், தாய்மார் எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

ஜார்க்கண்டில் கும்லா, சிம்டேகா பக்கமிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள் இங்கே கொழுந்து பறிக்கிறார்கள். பெரிய எஸ்டேட்டில் சேர்ந்தவர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடாவது கிடைக்கும். 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்கள் வேலை செய்தால் பிள்ளைக் காப்பகம் வைத்தே ஆக வேண்டும் என்றது. ஆனால் நம் மலையில் பாதித் தேயிலை மூன்று ஏக்கர், நான்கு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளிடம் அல்லவா இருக்கிறது? அங்கே அந்தச் சட்டம் எட்டவில்லை. மேஸ்திரி இன்று ஒரு தோட்டத்துக்கு அனுப்புவார், நாளை இன்னொன்றுக்கு. கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டே பறிப்பார்கள். இல்லாவிட்டால் எட்டு வயது அக்காவிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அந்த அக்காவுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. கரடியும் காட்டெருமையும் திரிகிற இடத்தில் வெளிக்கதவைச் சாத்திக்கொண்டு, நாள் முழுக்கத் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டிரண்டு பேராக வீடு சந்திக்கப் போகும் வின்சென்ட் தே பவுல் சபை அண்ணன்மார்தான் முதலில் இதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். அரிசி கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று அவர்கள் திரும்பியிருந்தால் இந்தக் காப்பகமே வந்திருக்காது.

இடம் கொடுத்தவர் ஒரு படுகர் பெரியவர். பச்சைத்தேயிலை எடை போடும் பழைய கொட்டகை அது. வாடகை என்ன என்று கேட்டதற்கு, "கரண்ட் பில்லை மட்டும் கட்டிடுங்கம்மா" என்றார். அய்யா, உங்கள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும். கூரைத் தகரம் மாற்றியது, தரைக்கு சிமெண்ட் போட்டது, வெள்ளையடித்தது எல்லாம் அந்த ஜார்க்கண்ட் தம்பிமார். வாரம் முழுக்கப் பறித்துவிட்டு, ஓய்வு நாளிலும் வந்து கலவை சுமந்தார்கள். உதவி பெற்றவர்கள் என்று அவர்களை ஒருபக்கம் நிறுத்திவிட்டு நன்றி சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர்களும் இந்த மடலுக்கு உரியவர்கள்தான்.

மத்தியானச் சாப்பாடு அன்பியத்துப் பிடியரிசியில்தான் நடக்கிறது. உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டு வைத்த அம்மாமாரே, உங்களில் பலருக்கு ரேஷன் அரிசிதான் சாப்பாடு என்பது எனக்குத் தெரியும்.

அப்புறம் சிஸ்டர்மார். பொருள் கொடுப்பதைவிட ஒருவர் கூட வந்து அலுவலகத்தில் உட்கார்வது பெரிய உதவி என்பதை அவர்களிடம்தான் பார்த்தேன். 2020 அக்டோபரிலிருந்து வெளிமாநில ரேஷன் கார்டுக்கு நம் ஊர்க் கடையிலும் அரிசி, கோதுமை உண்டு. ஆனால் அது வந்தவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. சிஸ்டர் ஒவ்வொரு குடும்பத்தையும் கடைக்குக் கூட்டிப்போனார். கார்டோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கே பாதி நாள் போகும். பிறகு கைரேகை. கொழுந்து பறித்த விரலில் கறை ஏறி, தோல் தேய்ந்து, மிஷின் படிக்காது. ஒரு தங்கச்சிக்குப் பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று. கடைக்காரத் தம்பி முகம் சுளிக்கவில்லை. வெந்நீரில் கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். துணியால் துடைத்துவிட்டு, இடது கைப் பெருவிரலை அவரே மெதுவாக அழுத்திப் பிடித்தார். பச்சை விளக்கு எரிந்ததும் வரிசையில் நின்ற நம் பெண்கள் எல்லாம் கைதட்டினார்கள். தம்பி, வரிசை நீண்டுபோனாலும் அவசரப்படுத்தாமல் நின்றீர்களே, அதற்கு நன்றி.

அரசுப் பள்ளித் தலைமையாசிரியை அம்மாவுக்கும் அப்படியே. வேறொரு பள்ளியில் டிசி இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பிய பிள்ளைகள் இவர்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது, டிசி வரத் தாமதமானாலும் நிறுத்தி வைக்கக் கூடாது. அம்மாவுக்கு அதை நாங்கள் எடுத்துச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அவர்களே பதிவேட்டைத் திறந்து, பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாளே, அந்த எட்டு வயதுப் பெண் இப்போது தமிழில் தன் பெயரை எழுதுகிறாள். தம்பி எங்களிடம் இருக்கிறான்.

சிலர் என்னிடம் நேராகவே கேட்டார்கள், வடக்கிலிருந்து வந்து நம் கூலியைக் குறைக்கிறவர்களுக்கு எதற்கு இதெல்லாம் என்று. கேட்டது தப்பில்லை, வேலை போகுமோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. ஆனால் கூலியைக் குறைப்பது கொடுக்கிறவர் கை, வாங்குகிறவர் கை இல்லை. இதே பேச்சை என் தாத்தா பாட்டியும் கேட்டவர்கள். இந்திய, இலங்கைப் பிரதமர்கள் செய்த 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவானது. தாத்தா பாட்டி இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தலைமன்னார் போய், கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்தார்கள். அவர்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு 1968-இல் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. இன்றைக்கு டான்டீ என்கிறோமே, அதுதான். தமிழ் பேசியும் எங்களை 'சிலோன்காரங்க' என்று ஒதுக்கியவர்கள் உண்டு. முகாம் அட்டையில் பெயர் தப்பாக இருந்ததைத் திருத்த, ஒரு குருவானவர் பாட்டியோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாராம். பாட்டி சாகும்வரை ஜெபமாலையில் அவரை நினைத்துக்கொள்வார். தமிழும் பேசத் தெரியாமல் வந்திருக்கும் இவர்களுக்கு எத்தனை பேர் அப்படிக் கூட நடக்க வேண்டும்!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காப்பகத்துப் பிள்ளைகளில் கத்தோலிக்கர் உண்டு, ஜார்க்கண்ட் பழங்குடியினரின் சர்னா வழிபாட்டுக்காரர் உண்டு, அசாமிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. யாரிடமும் மதம் கேட்டு நாங்கள் சேர்க்கவில்லை, சேர்ந்த பிறகும் கேட்பதில்லை. பங்குத்தந்தை முதல் நாளே அதைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். அதற்காக அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

தடுப்பூசி அட்டை போட்டுக்கொடுத்த கிராமச் சுகாதாரச் செவிலியருக்கும், மழை நாளில் காசு வாங்காமல் பிள்ளைகளை இறக்கிவிட்ட ஜீப் டிரைவர் அண்ணனுக்கும், தவக்காலச் சேமிப்பு உண்டியலை அப்படியே தூக்கிக்கொண்டு வந்த மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

துணி மூட்டை அனுப்பியவர்களுக்கும் நன்றி. பெரியவர்கள் துணி இப்போதைக்குப் போதும். உறைபனி வருவதற்குள் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஸ்வெட்டரும் குல்லாயும் கிடைத்தால் நல்லது. வரவு செலவு நோட்டு கோயில் அலுவலகத்தில் இருக்கிறது. கொடுத்தவர், கொடுக்காதவர் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
காப்பகத்துத் தாய்மார் சார்பில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் சகோதரி
கோத்தகிரி, நீலகிரி