ஒரு நாள் பிரிந்திருக்க உதவிய மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் மக்களுக்கு

அன்புள்ள எக்ஸ்மவுத் நண்பர்களே,

உங்கள் கையில் ஆங்கிலத்தில் நன்றி அட்டை கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினோம். இந்த மடலைத் தமிழில் எழுதுவது, நீங்கள் சொல்லித்தந்தவை அடுத்து அந்தப் பக்கம் வரும் தமிழ்க் குடும்பங்களுக்கும் போய்ச் சேரட்டும் என்பதற்காக.

ஒரு வருடம் விடுப்பெடுத்து, காருக்குப் பின்னால் காரவன் என்ற சக்கர வீட்டை இழுத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவைச் சுற்றும் எந்தக் குடும்பத்துக்கும் சில மாதங்களில் இந்தத் தேவை வந்துவிடும்: ஒரு நாளாவது ஆளுக்கொரு பக்கம் போக வேண்டும். மூத்த பிள்ளைக்கு ஆழ்கடல் வேண்டும், சின்னதுக்கு மணலும் வாளியும் போதும். நகரத்தில் என்றால் ஃபோனும் பஸ்ஸும் பார்த்துக்கொள்ளும். உங்கள் ஊர் அப்படி இல்லை. ஊர் வளைகுடாவைப் பார்த்தபடி கிழக்கே இருக்கிறது. பவளப்பாறையும் தேசியப் பூங்காவும் கேப் ரேஞ்ச் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், மேற்கே. அங்கே பெரும்பாலான இடங்களில் சிக்னல் கிடையாது. குடிதண்ணீரும் பெட்ரோலும் ஊரிலிருந்தே கொண்டுபோக வேண்டும். இருப்பதோ ஒரே கார். அப்படிப்பட்ட இடத்தில் அம்மாவும் மகளும் படகில், அப்பாவும் சின்னவனும் கரையில் என்று பிரிந்து, இருட்டுவதற்குள் நிம்மதியாக ஒன்றுசேர முடிந்தது உங்களால்.

2011இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நிங்கலூ பவளப்பாறைக் கரையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் பையுங்கு, தலஞ்சி, யினிகுர்திரா பழங்குடி மக்களுக்கு முதல் வணக்கம்.

காரவன் பார்க்கில் எங்கள் பக்கத்து இடத்தில் இருந்த பெரியவர்களே, "எல்லாவற்றையும் தாளில் எழுதி எங்களிடம் கொடுங்கள்" என்றீர்கள். அந்தத் தாளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொன்னதும் நீங்கள்தான். யார் யார் எந்தப் பக்கம், கார் நம்பர், எந்தக் கடற்கரையின் கார் நிறுத்தம், படகு நிறுவனத்தின் ஃபோன் நம்பர், பிறகு இரண்டு நேரங்கள். ஒன்று, திரும்புவதாகச் சொன்ன நேரம். மற்றது, அதைத் தாண்டினால் போலீசைக் கூப்பிட வேண்டிய நேரம். இந்த இரண்டாவது நேரத்தைத்தான் யாரும் எழுதுவதில்லை. அது இல்லாவிட்டால் காத்திருப்பவர் "இன்னும் அரை மணி பார்ப்போம், இன்னும் அரை மணி பார்ப்போம்" என்று இருட்டும் வரை உட்கார்ந்துவிடுவார். ஜூன் மாதத்தில் அங்கே ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அதனால் திரும்புவது 4 மணி, அழைப்பது 5 மணி என்று வைத்தால்தான் தேடுவதற்கு வெளிச்சம் மிஞ்சும். அவசரம் இல்லாத போலீஸ் நம்பர் 131 444, உயிராபத்து என்றால் 000 என்பதையும் தாளின் மேலேயே எழுதவைத்தீர்கள்.

காரில் இருந்த யுஎச்எஃப் ரேடியோவை (ஒரு காரிலிருந்து இன்னொரு காருக்குப் பேசும் கருவி) நம்ப வேண்டாம் என்று நீங்கள் சொன்னது பெரிய உதவி. 5 வாட் ரேடியோவுக்கு நேர்ப்பார்வை வேண்டும். நடுவே மலை நின்றால் அந்தப் பக்கத்துப் பேச்சு இந்தப் பக்கம் வராது. ஆபத்தில் அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே மீட்பு மையத்துக்குச் செய்தி அனுப்பும் உங்கள் பிஎல்பி கருவியை இரவல் கொடுத்ததோடு நிற்காமல், அதன் இணையப் பதிவில் அன்றைய பயண விவரத்தையும் மாற்றினீர்கள். பித்தானை அழுத்தினால் மீட்பு மையம் முதலில் கூப்பிடுவது பதிவில் இருக்கும் ஆட்களைத்தான். விவரத்தை மாற்றாமல் இரவல் கொடுத்தால், அவர்கள் தேடுவது உங்களை என்றாகிவிடும்.

திமிங்கலச் சுறாக்களோடு நீந்த அழைத்துப்போகும் படகின் வழிகாட்டிகளே, காலையில் உங்கள் பஸ் பார்க் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு டான்டபிடி படகுத்துறைக்குப் போனதால்தான் கரைக்குப் போகும் பாதிக் குடும்பத்துக்குக் கார் கிடைத்தது. ஒரே கார் உள்ள குடும்பங்கள் பதிவு செய்யும்போதே கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டிய விஷயம் இது. மருத்துவப் படிவத்தில் மகளின் ஆஸ்துமாவை எழுதியதும் மறுப்பு வரவில்லை. எந்த மருந்து, கடைசியாக எப்போது இழுப்பு வந்தது, பஃபர் (உறிஞ்சும் மருந்து) கையோடு இருக்கிறதா என்ற மூன்று கேள்விகள்தான் வந்தன. எழுதாமல் மறைப்பவர்களுக்குத்தான் தண்ணீரில் ஆபத்து.

பாறைக்கு வெளியே போவதற்கு முன், உள்ளே அமைதியான தண்ணீரில் எல்லாரையும் ஒருமுறை நீந்தவிட்டு, யாருக்குத் துணை வேண்டும் என்று பார்த்துக்கொண்டீர்கள். பிறகு விதிகள்: சுறாவோடு ஒரு நேரத்தில் 10 பேருக்கு மேல் தண்ணீரில் இருக்கக் கூடாது, உடலிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் விலகல், தொடக் கூடாது, ஃபிளாஷ் கூடாது. புதிதாக வருபவர்கள் எல்லாரும் தடுமாறும் இடத்தையும் முன்கூட்டியே சொன்னீர்கள். மேலிருந்து பார்க்க அந்த மீன் அசைவதே தெரியாது. வால் ஒருமுறை ஆடினால் போதும், நாம் பத்துத் தடவை உதைத்தாலும் பின்தங்கிவிடுவோம். பின்னாலிருந்து துரத்தினால் மூச்சு வாங்கும், ஸ்நார்க்கல் மூச்சுக்குழாயில் தண்ணீர் ஏறும், பயம் பிடித்துக்கொள்ளும். பக்கத்துடுப்புக்கு நேராகத் தொடங்கி, அதே வரிசையில் நீந்த வேண்டும். வால் தன்னைக் கடந்துவிட்டால் அங்கேயே நின்று கையை உயர்த்த வேண்டும், படகு வந்து எடுத்துக்கொள்ளும். செவுளுக்குப் பின்னால் இடப்பக்கத்துப் புள்ளிகளைப் படமெடுக்கச் சொன்னீர்கள். ஒவ்வொரு சுறாவுக்கும் அந்தப் புள்ளிக்கோலம் வேறு; விண்மீன் படங்களை ஒப்பிட எழுதிய கணக்கு முறையைக் கொண்டே அதை அடையாளம் காண்கிறார்கள் என்று நீங்கள் விளக்கியபோது மகள் கேட்ட கேள்விகள் அத்தனைக்கும் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள்.

முகக்கண்ணாடி வாடகைக்குக் கொடுத்த தங்கைக்கு: வாரைப் போடாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை இழுத்து, கையை எடுத்தாலும் விழாமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னீர்கள். மீசை வைத்த அப்பாக்களுக்கு மூக்குக்குக் கீழே ஒரு விரற்கடை மழித்தால் கசிவு நிற்கும் என்றதும் உண்மை. சிலிக்கான் விளிம்பு மயிரில் ஒட்டாது, தோலில்தான் ஒட்டும்.

தேசியப் பூங்காவின் மில்யரிங் பார்வையாளர் நிலையத்தில் அன்று பணியில் இருந்த ரேஞ்சர் அம்மா, உங்களுக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறோம். பூங்காவுக்குள் இருக்கும் டர்குவாய்ஸ் பே ஒரே பெயர்தான், ஆனால் அது இரண்டு கடற்கரை. தெற்குப் பக்கம் நீரோட்டப் பக்கம்: மணலில் தெற்கே நடந்து, உள்ளே நீந்தி, ஓட்டத்தோடு வடக்கே மிதந்து, மணல்திட்டு வருவதற்குள் கரையேற வேண்டும். தாண்டிவிட்டால் பாறையின் இடைவெளி வழியே வெளிக்கடலுக்கு இழுக்கும். ஏன் என்பதையும் விரலால் வரைபடத்தில் காட்டினீர்கள். அலை பாறையின் மேல் விழுந்து உள்ளே நிரம்பும் தண்ணீர் முழுவதும் அந்த ஒரு இடைவெளி வழியாகத்தான் திரும்பப் போகிறது. அலை பெரிதாக இருக்கும் நாளில், கடல் வற்றும் நேரத்தில் அது இன்னும் வேகம். கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் கண்ணாடிபோல் கிடக்கும், ஓட்டம் தெரியவே தெரியாது.

அதைவிட முக்கியமாக நீங்கள் கேட்டது: "கரையில் பெரியவர் எத்தனை பேர்?" ஒருவர் என்றதும், "அப்படியானால் இன்று நீரோட்டப் பக்கம் உங்களுக்கு இல்லை" என்றீர்கள். குடும்பம் பிரியும் நாளில் பெரியவர்களின் எண்ணிக்கையும் பாதியாகிவிடுகிறது. இருவர் இருக்கும்போது செய்வதை ஒருவர் செய்யப் போனால்தான் விபரீதம்: பிள்ளையை மணலில் விட்டு "ஐந்து நிமிடம்" மிதந்துவிட்டு வருவது, தூங்கும் பிள்ளையைக் காரில் விட்டுக் கழிப்பறைக்குப் போவது. வடக்குப் பக்க விரிகுடாவில், மணல்திட்டு முனையிலிருந்து நன்றாகத் தள்ளி, இடுப்பளவுத் தண்ணீரில் இருக்கச் சொன்னீர்கள். அங்கேயே மீன்கள் காலைச் சுற்றின. நிழல் தரும் மரம் இல்லை என்பதால் கூடாரத்தின் நான்கு பைகளிலும் மணல் நிரப்பச் சொன்னதும், பிற்பகல் காற்று எழுந்தபோது உதவியது.

மருந்துக்கடைக்காரரே, படகு ஆட்டத்தில் வாந்தி தொடங்கிய பின் மாத்திரை வயிற்றில் நிற்காது, படகில் ஏறுவதற்கு முன்பே போட வேண்டும் என்று சொல்லி, பிள்ளையின் எடை கேட்டு அளவு குறித்துக் கொடுத்தீர்கள். பைகளைப் பிரிக்கும் முறையும் உங்களுடையதே. வழக்கமாக ஒரே பையில் இருக்கும் மருந்துகளை முந்தைய இரவே மேசையில் கொட்டி, யாருடைய மருந்தோ அது அவர்கூடவே போக வேண்டும். பஃபர் படகுக்கு, அலர்ஜி மருந்து கரைக்கு, மெடிகேர் அட்டை (அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை) ஆளுக்கொன்று. கார் சாவி கரைக்குப் போகும், காரவன் சாவி படகுக்குப் போகிறவர் கையில். முதலில் யார் திரும்பினாலும் வெளியே நிற்க வேண்டாம் என்று பக்கத்து இடத்துப் பெரியவர்களிடமும் ஒரு சாவி.

கடைசியாக, பூங்கா வாசலுக்கு வெளியே டயர் காற்றைச் சரிபார்க்க நின்ற யூட்டின் (பின்னால் திறந்த சிறு சரக்கு வண்டி) ஓட்டுநருக்கு. கங்காரு ஒன்று சாலையைக் கடந்தால் பின்னாலேயே இன்னொன்று வரும், அதனால் முதலாவது போனதும் வேகமெடுக்கக் கூடாது. ஈமுக்கள் நடுவழியில் திரும்பி ஓடும். ஸ்டீயரிங்கை வெட்டாமல் நேராகப் பிரேக் பிடிக்க வேண்டும் என்று சன்னல் வழியே சொல்லிவிட்டுப் போனீர்கள். பெயர்கூடக் கேட்க முடியவில்லை. ஊருக்குத் திரும்பும் 60 கிலோமீட்டருக்கு மேலான வழியில் நீங்கள் சொன்னது இரண்டு முறை கைகொடுத்தது.

அன்புடனும் மனமார்ந்த நன்றியுடனும்,
இப்போது வடக்கே புரூம் நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் உங்கள் காரவன் குடும்பம்