எட்டு சிலிண்டருக்கும் எண்ணெய் ஊற்றிய பிள்ளைக்கு

அன்பு நண்பர்களுக்கும் சொந்தங்களுக்கும்,

வணக்கம். பையன் வீட்டுக்கு வந்துவிட்டான். செவ்வாய்க்கிழமை மத்தியானம், யார் கையையும் பிடிக்காமல், வாசற்படி மூன்றையும் அவனே ஏறினான். இந்தச் சேதியை மட்டும் எழுதி அனுப்பலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதியதும் நெஞ்சு நிறைந்துவிட்டது. மற்றதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ராத்திரி எந்நேரமானாலும் போனை எடுத்தவர்கள் நீங்கள்தான். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை, வேண்டவும் வேண்டாம்.

ஆறு வாரம் முறை போட்டுச் சமைத்துக் கொண்டுவந்த குடும்பங்கள், சின்னவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவந்தவர்கள், கேட்காமலே ரத்தம் கொடுத்தவர்கள், அலுவலகத்தில் என் வேலையைப் பங்கு பிரித்துச் செய்தவர்கள், ஊரில் எங்களுக்காக வேண்டிக்கொண்ட பெரியவர்கள். அந்தப் பிரிவின் இரவு நர்ஸ்கள். இவர்கள் யாருக்கும் ஒரு வரியில் நன்றி சொல்லித் தீராது. ஒவ்வொரு வீட்டுக்கும் நாங்கள் நேரில் வருவோம்.

இந்த மடலில் நான் அதிகம் சொல்லப்போவது எதிர் வீட்டுப் பெண்ணைப் பற்றி. பதினாறு வயது. அவளுக்குத் தமிழ் தெரியாது. அவளிடம் சொல்ல வேண்டியதை அவள் மொழியில் சொல்லிவிட்டேன், அது போதவில்லை. அதனால் உங்களிடமும் சொல்கிறேன்.

நானும் பையனும் இரண்டு வருஷமாக ஒரு ஹாட் ராட், அதாவது பழைய கார்களின் பாகங்களைச் சேர்த்து வேகத்துக்கென்று கட்டும் வண்டி, கட்டிக்கொண்டிருக்கிறோம். 1929 ஃபோர்டு மாடல் ஏ ரோட்ஸ்டரின் பாடி, கூரையும் பக்கக் கண்ணாடியும் இல்லாத திறந்த வண்டி. அதை 1932 ஃபோர்டின் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், மேல் உட்கார வைத்திருக்கிறோம். முன் கிரில்லும் 1932. கியர்பாக்ஸ் 1939. பிரேக் 1940. ஃபோர்டு 1939-ல்தான் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு வந்தது, அதனால் பழைய சேஸிஸில் இதைக் கொண்டுவந்து மாட்டுவது அந்தக் காலத்திலேயே வழக்கம். பின் விளக்குகள் 1939-ன் கண்ணீர்த்துளி விளக்குகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வண்டியிலிருந்து வந்தது. ஆனால் 1940-களின் கடைசியில் தென் கலிஃபோர்னியாவில் ஓர் இருபது வயதுப் பையன் பழைய இரும்புக் கடையில் தேடிப் பொறுக்கி என்ன கட்டியிருப்பானோ, அதைத் தாண்டி எதுவும் இருக்கக் கூடாது. அதுதான் இதில் கட்டுப்பாடு, ருசியும் அதில்தான்.

அதற்கு ஏற்ற எஞ்சின் ஃப்ளாட்ஹெட் வி8. எங்களுடையது 1946-லிருந்து 1948 வரை வந்த 59ஏபி, 239 கன அங்குலம், புதிதில் 100 குதிரைத்திறன். இதில் வால்வுகள் ஹெட்டில் இருக்காது. எஞ்சினின் இரும்பு உடம்பான பிளாக்கிலேயே, சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும். அதனால் மேலே மூடும் ஹெட் தோசைக்கல் மாதிரித் தட்டையாக இருக்கும், பெயர் வந்ததும் அதனால்தான். பொமோனாவில் நடக்கும் பழைய கார்ச் சந்தையில் வாங்கினோம். யாரோ ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு வெட்டவெளியில் போட்டிருக்கிறார்கள். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, பிஸ்டன்கள் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டன.

ஹெட்டை பிளாக்கோடு இறுக்கும் மரை போட்ட கம்பிதான் ஸ்டட். ஒரு ஹெட்டுக்கு 24 ஸ்டட், இரண்டுக்கும் சேர்த்து 48. அந்த 48 நட்டையும் உடையாமல் கழற்ற எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. பையன் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாக அடுக்கினான். ஹெட்டைத் தூக்கியபோது உள்ளே பார்த்த துருவை நான் மறக்க மாட்டேன்.

பிடித்துப்போன எஞ்சினிடம் பலத்தைக் காட்டக் கூடாது. ஓங்கி அடித்தால் பிஸ்டன் உடையும். இல்லை, வால்வு உட்காரும் இடத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவில் பிளாக் விரிசல் விடும். இந்த பிளாக்குகளுக்குப் பலவீனமே அங்கேதான். 1953-க்குப் பிறகு அமெரிக்காவில் ஃபோர்டு கார்களுக்கு இந்த எஞ்சினைப் போடவில்லை, நல்ல பிளாக் வருஷத்துக்கு வருஷம் அரிதாகிக்கொண்டே போகிறது. அதனால் ஒரே வழி காத்திருப்பது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் சிவப்பு ஆயிலும் டீசலும் பாதிக்குப் பாதி கலந்து, எட்டு சிலிண்டரிலும் பிஸ்டன் தலை மூழ்க ஊற்ற வேண்டும். அது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் இடுக்கு வழியாக மெல்ல மெல்லக் கீழே இறங்கும். இறங்கினால் நல்லது. ஆனால் தினமும் மறுபடி ஊற்றிக்கொண்டே இருக்கணும். காயவிட்டால் துரு திரும்பவும் கடிக்கும்.

நாங்கள் ஊற்றத் தொடங்கி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. ஏழாம் நாள் ஆம்புலன்ஸ் வந்தது.

அந்த ஆறு நாளில் ஒரு நாள்தான் அந்தப் பெண் சைக்கிள் பெடலைக் கழற்ற ஸ்பானர் கேட்டு வந்தாள். பையன் அவளை நிறுத்திவைத்து எல்லாவற்றையும் விளக்கினான். டிரைவர் இடது பக்கம் உட்கார்ந்தால் வலது வரிசை 1-லிருந்து 4, இடது வரிசை 5-லிருந்து 8 என்று சாக்பீஸால் தான் எழுதியிருந்ததைக் காட்டினான். காயவிடக் கூடாது என்றும் சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போனாள். மறுநாள் ஸ்பானரை நன்றாகத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளோடு எங்களுக்கு இருந்த பழக்கம் மொத்தமே இவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் பையன் தெளிந்து பேசத் தொடங்கியபோது, தண்ணீருக்கு அடுத்து அவன் கேட்டது, "அப்பா, எண்ணெய் யார் ஊத்துறா?" நான் போர்வையைச் சரிசெய்துகொண்டே, "வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்டா" என்றேன். அடுத்த நாளும் கேட்டான், அதற்கடுத்த நாளும் கேட்டான். யாரும் ஊற்றவில்லை என்பதுதான் எனக்குத் தெரிந்த பதில். அதை அவனிடம் சொல்ல முடியவில்லை.

நீங்கள் எல்லாரும் "என்ன வேணும், கூச்சப்படாமச் சொல்லுங்க" என்று எத்தனை தடவை கேட்டீர்கள். சோறு கேட்கலாம், கார் கேட்கலாம், சின்னவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். பிள்ளை அந்த நிலையில் கிடக்கும்போது, கராஜில் இருக்கும் பழைய எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றிவிடுங்கள் என்று எந்த அப்பன் கேட்பான்? அதை நினைப்பதற்கே எனக்குக் கூசியது. அந்த எஞ்சின் போனது போனதுதான் என்று மனசுக்குள் கைகழுவிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பையன் தூங்கிய பிறகு, அத்தை காப்பி கொடுத்துக்கொண்டே சொன்னார்கள், "அந்த எதிர் வீட்டுப் பொண்ணு இன்னைக்கும் வந்துட்டுப் போச்சு மாப்பிள்ளை. நீங்கதான் சொல்லிட்டுப் போயிருக்கீங்கன்னு நெனச்சு தெனமும் கதவத் தெறந்துவிட்டேன்."

நான் காப்பியை வைத்துவிட்டு கராஜுக்கு ஓடினேன்.

சுவரில் ஓர் அட்டை ஆணியில் தொங்கியது. ஏதோ பெட்டியிலிருந்து கிழித்த துண்டு. மேலே 1-லிருந்து 8 வரை எண்கள், பையன் சாக்பீஸால் எழுதிய அதே வரிசையில். கீழே ஒரு நாளுக்கு ஒரு வரி, தேதியோடு. எண்ணெய் ஊற்றிய ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு சின்னக் கோடு. 5-ஆம் எண்ணுக்கு நேரே மட்டும் பல நாள் இரண்டு கோடு இருந்தது. அந்த சிலிண்டர் சீக்கிரம் வற்றியிருக்கிறது, அவள் கவனித்து மறுபடி ஊற்றியிருக்கிறாள். நான் விரலை வைத்து எண்ணினேன். 41 வரி. நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தது 41 நாள்.

அதில் 23-ஆம் வரியில் கோடே இல்லை. எட்டு எண்ணுக்கும் கீழே எட்டுப் புள்ளி. ஒரே அளவு, ஒரே இடைவெளி. அந்தக் கையை எனக்குத் தெரியும். தினமும் காலையில் எங்கள் வாசலில் அது புள்ளி வைக்கிறது. விசாரித்தால், அன்றைக்கு அவளுக்குப் பரீட்சையாம். முந்தின நாளே அத்தையைக் கூட்டிப்போய், மூக்கு நீண்ட எண்ணெய்க் கேனைக் கையில் கொடுத்து, எவ்வளவு ஊற்றணும் என்று சைகையிலேயே காட்டியிருக்கிறாள். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆறு வாரமாக இரண்டு பேரும் அந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு சாப்பிட்டிருக்கிறார்கள்.

கராஜ் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஆஸ்பத்திரியில் வராத அழுகை அங்கே வந்தது.

நேற்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டோம். பையனை முகக்கவசம் போட்டு நாற்காலியில் உட்கார வைத்தோம். பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் தண்டின் முனையில் நீளமான பாரை மாட்டி, நான் பிடிக்காமல் அவள் கையில் கொடுத்தேன். இழுக்காதே, சும்மா உடம்புப் பாரத்தை மட்டும் சாய்த்துக் கொடு என்றேன். அந்தப் பக்கம் ஒருமுறை, இந்தப் பக்கம் ஒருமுறை. ஒன்றும் அசையவில்லை. மறுபடி. ஒரு நூல் அசைந்த மாதிரி இருந்தது, கண்ணை நம்பலாமா என்று தெரியவில்லை. அதற்கடுத்த தடவை உள்ளேயிருந்து "நங்" என்று ஒரு சத்தம். 5-ஆம் பிஸ்டன் ஒரு விரல் கனம் கீழே இறங்கியது. இத்தனை காலம் அது நின்ற மட்டத்தில் சிலிண்டர் சுவரில் காப்பி நிறத்தில் ஒரு வளையம். வளையத்துக்குக் கீழே, சிவப்பு எண்ணெய் வழியும் இடத்தில், இரும்பு வெள்ளையாக மின்னியது.

யாரும் பேசவில்லை. பையன்தான் முதலில் வாயைத் திறந்தான். "அம்மாச்சியக் கூப்பிடுங்க" என்றான்.

அவளிடம் ஏன் இதைச் செய்தாய் என்று கேட்டேன். காயக் கூடாது என்று அவன் சொன்னானே என்றாள். வேறு காரணம் எதுவும் அவளிடம் இல்லை.

ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். 1930-களில் மொஹாவி பாலைவனத்தில் முராக் என்ற காய்ந்த ஏரிப் படுகையில் பையன்கள் இந்த வண்டிகளை ஓட்டிப் பார்த்தார்கள். 1937-ல் அவர்களுடைய கிளப்புகள் சேர்ந்து, வண்டிகளின் வேகத்தை அளந்து பந்தயம் நடத்த, தென் கலிஃபோர்னியா டைமிங் சங்கத்தைத் தொடங்கின. அப்புறம் முராக் ராணுவ விமானத் தளமாகிவிட, போர் முடிந்து வந்தவர்கள் எல் மிராஜ் படுகைக்குப் போனார்கள். 1949-ல் யூட்டா மாநிலத்தின் பான்வில் உப்புப் படுகையில் முதல் வேக வாரம் நடந்தது. இதையெல்லாம் பையனுக்குக் கதை கதையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தக் காலப் படங்களில் ஓட்டுபவன் இருப்பான், கதவில் எண் இருக்கும், கீழே வேகம் எழுதியிருக்கும். பின்னாலிருந்து வண்டியைத் தள்ளிவிட்டவன் படத்தில் இருக்க மாட்டான். முந்தின ராத்திரி யாரோ ஒருவன் விளக்குப் பிடித்திருப்பான், யாரோ தன் வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றிக் கொடுத்திருப்பான். அவர்களைப் பற்றி நான் பையனுக்கு ஒரு கதைகூடச் சொன்னதில்லை. இனிமேல் சொல்வேன்.

எங்கள் வண்டிக்கும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆறு வாரமாகியும் ஒரு ஸ்ட்ராம்பர்க் 97 கார்புரேட்டர் ஜோடியை வேறு யாருக்கும் விற்காமல் எங்களுக்கென்று எடுத்துவைத்திருக்கும் பொமோனா வியாபாரி, விஷயம் கேள்விப்பட்டு முன்பணத்தைத் திருப்பி அனுப்பிய வெல்டர், பிளாக்கில் விரிசல் இருக்கிறதா என்று காசு வாங்காமல் சோதித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கும் லேத் பட்டறைக்காரர். எல்லாருக்கும் என் நன்றி. விரிசல் இருந்தால் இருக்கட்டும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த அட்டையை நான் தூக்கிப்போட மாட்டேன். டாஷ்போர்டுக்குப் பின்னால், மழை படாத இடத்தில், சட்டம் போட்டு வைக்கப்போகிறேன். வண்டி ஓடத் தொடங்கியதும் முதல் சவாரி பையனுக்கு, அடுத்தது அவளுக்கு, அதற்கடுத்தது அத்தைக்கு. அடுத்த பந்தயப் பருவத்தில் மூன்று பேரையும் எல் மிராஜுக்குக் கூட்டிப்போவேன்.

நேற்று கிளம்பும் முன் அவள் கேனை எடுத்தாள். எஞ்சின்தான் அசைந்துவிட்டதே, இனி எதற்கு என்றேன். பிஸ்டன்கள் வெளியே வரும் வரைக்கும் காயக் கூடாது என்றாள். சரிதான். 1-லிருந்து 4 வரை பையன் ஊற்றினான், கை நடுங்கியது, அவள் கேனைப் பிடிக்கப் போகவில்லை, அவனையே ஊற்றவிட்டாள். 5-லிருந்து 8 வரை அவள் ஊற்றினாள். அட்டையில் தேதி போட்டு அவன் நாலு கோடு இழுத்தான், அவள் நாலு கோடு இழுத்தாள்.

அன்புடன்,
பையனின் அப்பா