செயலாளரின் ஆண்டறிக்கை (ஏப்ரல் 2024 – மார்ச் 2025)

தலைவருக்கும், செயலவைக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்காக இந்த அறிக்கை வாட்ஸ்அப் குழுவிலும் போடப்படும். அங்கே அதற்கு வழக்கம்போல நான்கு கைகூப்பும் படங்கள் வரும்.

முதலில் வழக்கமான நிகழ்ச்சிகள். ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டிப் பிள்ளைகளுக்குக் கதைசொல்லும் போட்டி நடந்தது. தீபாவளி ஒன்றுகூடல் நவம்பரில் நடந்தது, பிரியாணி போதவில்லை. பொங்கல், அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், மழைச்சாரலோடு நடந்தது. செயலவை ஆறு முறை கூடியது.

ஜூலை மாதச் சிறப்புரையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அழைத்திருந்த பேச்சாளருக்கு வரமுடியாமல் போனதால் நானே பேசினேன். நகரங்கள் வெளியாருக்கு ‘நகர உரிமை’ கொடுத்துச் சிறப்பிக்கும் வழக்கம்தான் தலைப்பு. பிள்ளைகளையும் சேர்த்து 17 பேர் வந்தார்கள். “இது நமக்கெதற்கு?” என்று பிறகு செயலவையில் ஒருவர் கேட்டார். அவர் வந்திருந்தால் கேட்டிருக்கமாட்டார்.

லண்டனில் இந்த வழக்கம் 1237லிருந்தே பதிவில் இருக்கிறது. அன்றைக்கு அது பட்டமல்ல, பிழைப்பு. நகர உரிமை பெற்றவர்தான் நகருக்குள் கடை வைக்கலாம், தொழில் செய்யலாம். அதைப் பெற மூன்று வழிகள்: அப்பா வழியாக வரும், தொழில் பழகி முடித்தால் வரும், இல்லையென்றால் காசு கட்ட வேண்டும். (காசு கட்டினால்தான் உரிமை என்பதை உறுப்பினர்கள் கவனிக்கவும்.) காலப்போக்கில் வணிகச் சலுகைகள் போய்விட்டன, மரியாதை மட்டும் நின்றது. 1885ல் வந்த ஒரு சட்டம், பிரிட்டனின் மற்ற நகர மன்றங்களும் சிறந்தவர்களுக்குக் கௌரவமாக இந்த உரிமையைக் கொடுக்க வழிசெய்தது. லண்டனில் நேரு 1956லும் நம் சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூ 1982லும் மண்டேலா 1996லும் அதைப் பெற்றார்கள்.

உரிமை பெற்றவர்கள் லண்டன் பாலத்தில் சுங்கம் கட்டாமல் ஆடு ஓட்டிப் போகலாம் என்ற பழைய சலுகையைச் சொன்னபோது பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். “அப்போ தேக்காவில் ஆடு ஓட்டலாமா?” என்று ஒரு பையன் கேட்டான். நம் லிட்டில் இந்தியாவான தேக்காவில் ஒரு காலத்தில் மாட்டுக்கொட்டிலே இருந்தது, எருமையின் பெயரில் இன்றும் அங்கே சாலை இருக்கிறது என்று சொன்னேன். அவன் நம்பவில்லை.

சிங்கப்பூர் 1951ல் நகரத் தகுதி பெற்றது. 1959ல் மாநகர மன்றத்தின் வேலைகள் அரசாங்கத்திடம் போய்விட்டன. ஊரும் நாடும் ஒன்றாகிவிட்ட இடத்தில் நகர உரிமையைத் தனியாக யார் கொடுப்பது? 2003லிருந்து வெளிநாட்டவருக்கு நாடே கௌரவக் குடியுரிமை வழங்குகிறது. அறிவியலாளர் சிட்னி பிரென்னருக்கு அது கிடைத்தது. 2008ல் ரத்தன் டாடாவுக்குக் கிடைத்தபோது இங்கே அதிபராக இருந்தவர் நம் எஸ்.ஆர்.நாதன்.

கொடுத்த பிறகு வருத்தப்பட நேர்ந்தால் என்ன செய்வது என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நல்ல கேள்வி. மியன்மாரின் ஆங் சான் சூச்சிக்குக் கொடுத்த நகர உரிமையை டப்ளின் 2017லும் லண்டன் 2020லும் திரும்பப் பெற்றுக்கொண்டன. பெரிய பெயராகப் பார்த்துக் கொடுத்தால் இப்படியும் ஆகும். நம் கண்ணெதிரே நமக்கு உழைத்தவருக்குக் கொடுத்தால் அந்தப் பயம் இல்லை என்றேன். அங்கிருந்துதான் என் யோசனை பிறந்தது.

சமூக மன்றத்தில் நமக்கு மண்டபக் கதவைத் திறந்துவிடும் சீன அங்கிளை எல்லோருக்கும் தெரியும். பதினோரு ஆண்டுகளாக நம் ஒலிபெருக்கியைச் சரிசெய்து, நாற்காலி போட்டு, கோலப்பொடியைக் கூட்டி அள்ளியவர். “வணக்கம்” என்பதை நம் பிள்ளைகள் சிலரைவிடத் திருத்தமாகச் சொல்வார். அவரை நம் சங்கத்தின் முதல் கௌரவ உறுப்பினராக்க வேண்டும் என்றேன். செயலவையில் இருவர், கௌரவம் கொடுப்பதென்றால் நன்கொடையாளர் ஒருவருக்குக் கொடுத்தால் சங்கத்துக்கு உபயோகமாக இருக்கும் என்றார்கள். நன்கொடையாளருக்கு ரசீது கொடுக்கிறோம். அங்கிளுக்கு இதுவரை ஒரு பொட்டலம் மிக்சர்தான் கொடுத்திருக்கிறோம்.

நம் விதிகளில் சாதாரண உறுப்பினர், ஆயுள் உறுப்பினர் என்று இரண்டே வகை. மூன்றாவதைச் சேர்க்க விதியைத் திருத்த வேண்டும், அதைச் சங்கப் பதிவகமும் ஏற்க வேண்டும். அதற்காக அக்டோபரில் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டினோம். பிரிட்டனில் இதற்கென்றே மன்றம் கூடி, வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டுமாம். நமக்கு அந்தக் கவலை வரவே இல்லை. 112 உறுப்பினர்களில் நாலில் ஒரு பங்கு, அதாவது 28 பேர் வந்திருக்க வேண்டும். வந்தவர்கள் 21. விதிப்படி அரைமணி நேரம் காத்திருந்தோம். காப்பிக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த மூவரை நானே போய் அழைத்துவந்தேன். 24 ஆயிற்று. அரைமணிக்குப் பிறகு இருப்பவர்களை வைத்தே கூட்டத்தை நடத்தலாம், ஆனால் விதியை மட்டும் திருத்த முடியாது. வடை தின்றுவிட்டுக் கலைந்தோம். அன்றைக்கும் மண்டபத்தைப் பூட்டியது அங்கிள்தான்.

அங்கிளுக்கான கேடயம் பற்றி. கூட்டத்துக்கு முன்பே நான் கேடயத்துக்குச் சொல்லிவிட்டேன் என்பது உண்மைதான். தீர்மானம் நிறைவேறிவிடும் என்று நம்பியது என் தப்பு. அதற்கான 85 வெள்ளி சங்கக் கணக்கில் எழுதப்படவில்லை, என் கையிலிருந்து போனது. இது கணக்குத் தணிக்கையாளருக்கும் தெரியும். இதற்கு மேலும் பேசுபவர்கள் என்னிடமே பேசலாம்.

சந்தா. ஆண்டுக்கு 20 வெள்ளி. இன்றைய விலையில் நான்கு பேர் உட்கார்ந்து தோசை சாப்பிடும் காசுகூட இல்லை. 61 பேர் கட்டியிருக்கிறார்கள். மற்ற 51 பேரும் தங்களை ஏற்கெனவே கௌரவ உறுப்பினர்களாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் போலும். பணம் அனுப்புவதற்கான ‘பேநவ்’ எண்ணை ஐந்து முறை அனுப்பிவிட்டேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். மொத்தத்தில் கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, ஆனால் கடன் இல்லை. தீபாவளிச் சாப்பாட்டுச் செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடிவிட்டது. பிரியாணி எப்படிப் போதாமல் போனது என்பதைச் செயலவை இன்னும் ஆராய்கிறது.

தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், சமூக மன்ற நிர்வாகம், ஒலிபெருக்கி இரவல் தந்தவர், கோலம் போட்ட மகளிர் அனைவருக்கும் நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் நான் தொடர்வேனா என்பது உறுப்பினர்கள் கையில். ஒன்பது ஆண்டுகள் போதும் என்று வீட்டில் சொல்கிறார்கள். விரும்புகிறவர்கள் முன்வரலாம், கோப்புகள் எல்லாம் ஒழுங்காகவே இருக்கின்றன. அப்புறம், அங்கிள் டிசம்பரோடு வேலையை விடுகிறார், மகள் வீட்டோடு போய் இருக்கப்போகிறாராம். ஆகவே ஆகஸ்டு மாத இரண்டாம் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மீண்டும் சிறப்புப் பொதுக்கூட்டம் வைத்திருக்கிறோம். 28 பேர் வேண்டும். 5 மணி என்றால் 5 மணி. கேடயத்தில் தேதியைத் தவிர மற்றதெல்லாம் பொறித்தாகிவிட்டது.

இப்படிக்கு,
செயலாளர்