காலை ஒரு மணி நேரத்தை எங்களிடம் விட்டுவிடுங்கள்

மதிப்பிற்குரிய தொடக்கக் கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை காலை 9.50 மணிக்கு உங்கள் ஆய்வுக் குழு எங்கள் பள்ளிக்கு வந்து போனது. அறிக்கை உங்கள் மேசைக்கு வந்திருக்கும். அதில் எங்கள் இரண்டாம் வகுப்பைப் பற்றி இரண்டு வரி இருக்கிறது. ஒரு பையன் ‘சரளமாக வாசிக்கிறான்’, ஒரு பெண் ‘வாசிக்கத் தெரியவில்லை’. இந்த இரண்டு வரியும் தவறு. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் பையன். பாடப்புத்தகத்தை நீட்டினார்கள். கடகடவென்று ஒப்பித்தான். விரல் நாலாவது வரியில் நின்றது, வாய் ஏழாவது வரியில் ஓடியது. பக்கத்தைத் திருப்பிய பிறகும் முந்தைய பக்கத்தையே சொல்லிக்கொண்டிருந்தான். வந்தவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவன் கெட்டிக்காரன்தான், அதில் சந்தேகமில்லை. வீட்டில் அக்கா சொல்லக் கேட்டே பாடம் முழுக்க மனப்பாடம். ஆனால் அவனுக்கு இன்னும் பாதி எழுத்து தெரியாது. அவனை வாசிக்க வைக்கத்தான் நான் நாள்தோறும் மல்லுக்கட்டுகிறேன். இனி அவன் அம்மாவிடம் போய் ‘இவனுக்கு இன்னும் வரவில்லை’ என்று நான் எப்படிச் சொல்வது? அதிகாரியே பாராட்டிவிட்டாரே.

அடுத்தது அந்தப் பெண். அவளுக்குப் புத்தகத்தில் இல்லாத ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். ‘யானை மேல் அம்பாரி இருந்தது.’ விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தாள். யா… னை… மே… ல்… அம்… பா… ரி. அந்த ‘பா’வை, பாட்டி என்று சொல்லும்போது வரும் ‘பா’வைப் போலவே அழுத்திச் சொன்னாள். வந்தவர் சிரித்தார். “அம்பாரின்னு சொல்லக்கூட வரலையே” என்று படிவத்தின் ஒரு கட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டார்.

ஐயா, அம்மா, யாராக இருந்தாலும் ஒரு நிமிடம் இதை நிதானமாகப் படியுங்கள். நம் மொழியில் பாட்டிக்கும் தம்பிக்கும் ஒரே ப-தான். ம்-முக்குப் பின்னால் வந்தால் ஒலி இளகும் என்பது எழுத்தில் இல்லை, நம் வாயில் இருக்கிறது. தம்பி, கம்பு, பாம்பு எல்லாம் பேசிப் பழகிய சொற்கள், அதனால் பிள்ளைகள் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அம்பாரி என்ற சொல்லை அந்தப் பெண் பிறந்ததிலிருந்து கேட்டதே இல்லை. அவளுக்கு ஊகிக்க வழி கிடையாது, மனப்பாடமும் கிடையாது. கையில் இருந்தது எழுத்து மட்டும். அந்த எழுத்தை நம்பி, தனக்குத் தெரியாத ஒரு சொல்லைத் தானாகவே சொல்லிவிட்டாள். இதற்குப் பெயர்தான் வாசிப்பு. எட்டு மாதமாக நான் காத்திருந்த நொடி அது. அது நடந்தபோது நீங்கள் அனுப்பியவர் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொரு பையனும் உண்டு. அவன் ‘நாய் ஓடியது’ என்பதைப் பார்த்து ‘நாய் ஓடுச்சு’ என்று சொன்னான். அதுவும் தவறு என்று பதிவாகியிருக்கிறது. எழுத்தைப் பார்த்து, பொருளைப் புரிந்துகொண்டு, தன் வீட்டுப் பேச்சில் திருப்பிச் சொன்னவனுக்குப் பூஜ்யம். சரி, விடுங்கள்.

வந்தவர் மேல் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லை. அவருக்கு அன்று இன்னும் மூன்று பள்ளி பாக்கி இருந்தது, பிள்ளைக்கு இரண்டு நிமிடம் என்று யாரோ கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். என் வருத்தம் அந்தக் கணக்கைப் போட்டவர்களிடம். நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. காலை 9.30 முதல் 10.30 வரை ஒரு மணி நேரத்தை எங்களிடம் விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் ஆய்வு வேண்டாம், செயலி வேண்டாம், அவசரச் செய்தி வேண்டாம், புகைப்படம் வேண்டாம்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று உங்களில் சிலர் மறந்திருக்கலாம். நீங்களும் ஆசிரியர்களாக இருந்தவர்கள்தான், ஆனால் பலர் மேல்வகுப்பு எடுத்தவர்கள். ‘கொக்கு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் கண்ணில் முதலில் படுவது ஒற்றைக் கொம்பு. ஆனால் அதைப் பார்த்ததும் வாயைத் திறந்துவிடக் கூடாது, பொறுத்திருக்க வேண்டும். அடுத்து க. அதையும் உடனே சொல்லிவிடக் கூடாது. அதற்குப் பின்னால் துணைக்கால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ‘கெ’, இருந்தால் ‘கொ’. அந்தக் காலும் சில சமயம் ர மாதிரியே தெரியும். கண் மூன்று இடத்துக்குப் போய், மூன்றையும் மனதில் நிறுத்தி, திரும்பி வந்த பிறகுதான் வாய் திறக்கலாம். இதெல்லாம் முதல் எழுத்துக்கு மட்டும். ‘க்கு’ இன்னும் பாக்கி. உகர வரிசை வேறு ஒரு கூத்து. கு ஒரு மாதிரி வளையும், சு ஒரு மாதிரி, டு இன்னொரு மாதிரி. ஒன்றைக் கற்றால் மற்றது தானாக வந்துவிடாது.

ஆறு வயதுப் பிள்ளை இதைச் செய்யும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளும். நிஜமாகவே பிடித்துக்கொள்ளும், தோள் உயர்வதைப் பார்க்கலாம். சொல் முடிந்ததும் மூச்சை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசிரியர் வேலை.

அந்த நேரத்தில்தான் செல்பேசி அடிக்கிறது.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. அதே பெண்தான். ‘கொ’வில் விரலை வைத்திருந்தாள். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி: காலை உணவு சாப்பிட்டவர் எண்ணிக்கையை 10 மணிக்குள் மறுபடி பதிவேற்ற வேண்டும், பதிவேற்றாத பள்ளிகளின் பட்டியல் மேலே போகிறது. எங்கள் பள்ளியில் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றுதான், வாசல் பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில். போய் நின்றேன். செயலி திறந்தது, சுற்றியது, வெளியே தள்ளியது. மறுபடி கடவுச்சொல். மறுபடி சுற்றியது. இருபது நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது வகுப்பு சந்தைக்கடையாக இருந்தது. அவள் மட்டும் அதே இடத்தில், அதே எழுத்தின் மேல் விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். “எடுத்தா மறந்துரும் டீச்சர்” என்றாள்.

என் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். அந்த மாதம் காலை வாசிப்பு நேரம் முழுசாக நடந்தது ஒன்பது நாள். மற்ற நாட்களெல்லாம் ஏதோ ஒன்று. நாங்கள் ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, 43 பிள்ளைகள், இரண்டு பேர். தலைமையாசிரியர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போனால் ஐந்து வகுப்பும் என்னிடம். அந்த நாளில் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து, ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம், நடுவில் தண்ணீர்த் தொட்டி.

திட்டங்களைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே படிப்படியாகக் கற்கும் செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் வந்தபோது நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். அட்டை, ஏணிப்படி, பாய் எல்லாவற்றையும் பலர் கிண்டல் செய்தார்கள். ஆனால் சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை அடித்துக் கொடுத்தீர்களே, அதற்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். வருடா வருடம் என் செலவில் கறுப்புப் பெயின்ட் வாங்கிப் பூசுகிறேன். பெருந்தொற்றில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. ஒன்றாம் வகுப்பையே பார்க்காத பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்ததும், பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கச் சொன்னதும் தேவையான காரியம். 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுத்தும் எண்ணும் தெரிய வேண்டும் என்று இலக்கு வைத்ததிலும் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அரும்பு மொட்டாவதை மணிக்கொரு முறை பிரித்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பது பூச்செடி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

வாசிப்பு நடக்கிறது என்பதற்கு ஆதாரம் கேட்கிறீர்கள். வாசிக்கும் படம் வேண்டும், தேதியும் இடமும் படத்தில் விழ வேண்டும். ஒருமுறை அவசரத்தில் எல்லோருக்கும் கதைப் புத்தகம் கொடுத்து, வரிசையாக உட்காரவைத்து எடுத்து அனுப்பினேன். கைதட்டும் பொம்மைகள் குவிந்தன. சாயங்காலம்தான் கவனித்தேன், முன்வரிசையில் மூன்று பேர் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள். கைதட்டிய ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு படிவம் வந்தது. வாசிப்புக்கு நாள்தோறும் எத்தனை நிமிடம் ஒதுக்குகிறீர்கள் என்ற கேள்வி, 22 கட்டங்கள். அதை நிரப்ப 40 நிமிடம் ஆனது. உண்மையான பதிலை எழுத அதில் கட்டம் இல்லை.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். இந்த மூன்றைத் தவிர வேறு கல்வி சாராத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது. சட்டம் எழுதியவர்கள் பாவம், ஆசிரியரை வகுப்பை விட்டு வெளியே அனுப்பினால்தான் வேலை கெடும் என்று நினைத்தார்கள். வகுப்புக்குள்ளேயே உட்காரவைத்துக் கையில் ஒரு செயலியைக் கொடுத்தும் கெடுக்கலாம் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. அதே சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம் கற்பித்தல் என்கிறது. நான் கேட்பது அதில் 200 மணி நேரம். கால்வாசி. மற்ற முக்கால்வாசியையும் எனக்கே தர வேண்டும் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

எல்லாம் இருக்கட்டும், உங்கள் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் டீச்சர் பாடம் நடத்தும்போது செல்பேசியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? எங்கள் பிள்ளைகளின் பெற்றோருக்கு யாரிடம் கேட்பது என்று தெரியாது. பக்கத்து ஊர் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுவது ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிந்த புகார் மனு. ‘சேர்க்கை ஏன் குறைகிறது, விளக்கம் அளிக்கவும்’ என்று அதற்கும் எங்களுக்கு ஓர் ஓலை வரும்.

மன்னியுங்கள். கேட்க வந்தது ஒரு மணி நேரம், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன்.

என் அம்மா புதுக்கோட்டைக்காரர். பள்ளிக்கூடமே போகாதவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில்தான் எழுத்துக் கற்றார். அ, ஆவன்னாவில் தொடங்காமல், ‘பட்டா’, ‘படி’ என்று வாழ்க்கைக்கு வேண்டிய சொல்லில் தொடங்கினார்கள். ட-வும் ப-வும் கோடு போடத் தெரிந்த கைக்கு எளிதாக வரும். ராத்திரி வேலையெல்லாம் முடிந்து, தெருவிளக்கின் கீழே, பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். அவருக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. இன்றைக்கும் பேருந்துப் பலகையை அம்மா எங்களுக்கு முன்னால் வாசித்துவிடுவார். எனக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, இருபது வருட அனுபவம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த ஒரு மணி நேரம்தான் கிடைக்கவில்லை.

நடைமுறையில் இது சிரமமானதும் இல்லை. எண்ணிக்கைகளை மாலை 3 மணிக்கு மேல் கேளுங்கள், சுணங்காமல் தருகிறோம். சத்துணவில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பது மாலையிலும் அதே எண்தான். ஆய்வுக்கு வருகிறவர்கள் தாராளமாக வரட்டும், ஆனால் 10.30 வரை கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்து பார்க்கட்டும். அப்புறம் சோதிக்கட்டும். சோதிக்கும்போது பிள்ளைகள் முன்பின் பார்க்காத சொற்களைக் கொடுக்கட்டும், தெரிந்த பாடத்தை வேண்டாம். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டால் அதை விடும்வரை பொறுக்கட்டும். ஒப்பிப்பது எது, வாசிப்பது எது என்று அப்போது அவர்களுக்கே தெரியும். அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே இருக்கும் பெருக்கல் குறியையும் நீக்கித் தர வேண்டுகிறேன்.

குழு போன மறுநாள் அவள் என்னிடம் வந்து, “டீச்சர், அம்பாரின்னா என்ன?” என்று கேட்டாள். யானை மேல் ராஜா உட்கார்ந்து போகும் மாடம் என்று சொல்லி, சுவரின் அடிக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். யானை எனக்குச் சரியாக வராது, எருமை மாதிரி வந்தது. அவள் அதற்குக் கீழே உட்கார்ந்து, இந்தமுறை ‘பா’வை இளக்கிச் சொல்லிக்கொண்டே, அம்பாரி என்று எழுதினாள். மணி 9.40. நல்லவேளையாக அன்றைக்குச் சிக்னல் இல்லை.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். காலை 9.30 முதல் 10.30 வரை எங்களை விட்டுவிடுங்கள். இந்த மடலுக்குப் பதில் அனுப்ப நினைத்தால், அதையும் தயவுசெய்து 10.30க்கு மேல் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஈராசிரியர் பள்ளியின் இடைநிலை ஆசிரியை