அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் இருக்கு என்று சொன்ன மருமகனுக்கு

மருமகனே,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பாவூர்சத்திரத்துக்குக் கிளம்பும்போது வண்டித் தாளை வாங்கிப் பார்த்தேன். "அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டு, பின்னால் உன் மனைவியையும் அவள் மடியில் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டாய். வாசலில் நிறுத்தி வைத்துப் பேசினால் அக்காவுக்குக் கோபம் வரும் என்று விட்டுவிட்டேன். அதான் இந்தக் கடிதம்.

உன் தாளில் இரண்டு முடிவுத் தேதி இருக்கிறது. நீ பார்த்தது ஒன்றைத்தான். 2018 செப்டம்பரிலிருந்து புது பைக் எடுத்தால் தேர்ட் பார்ட்டி, அதாவது அடுத்தவருக்கு நீ செய்கிற சேதத்துக்கான இன்சூரன்ஸ், 5 வருஷத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும். அந்தத் தேதி சரியாக இருக்கிறது. உன் வண்டிக்கு ஆகிற சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்' ஒரு வருஷம்தான். அது போன மாதம் 9-ம் தேதியோடு முடிந்துவிட்டது. நெல்லை வண்ணார்பேட்டையில் போலீஸ் நிறுத்தினாலும் தேர்ட் பார்ட்டி இருந்தால் போ என்று விட்டுவிடுவார்கள். 2,000 ரூபாய் அபராதம் அது இல்லாதவனுக்குத்தான். அதனால்தான் பாதிப் பேருக்கு மற்றது முடிந்துபோனதே தெரிவதில்லை.

தேர்ட் பார்ட்டி என்பது நீ இடித்த ஆளுக்கு. உன் வண்டி திருடு போனால் அதிலிருந்து ஒரு பைசா வராது, இ.எம்.ஐ. மட்டும் மாதா மாதம் போகும். இன்னொன்று: சட்டம் கேட்கிற அந்தப் பாலிசியில் பைக்கில் பின்னால் இருப்பவர் வரமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டது. சாரல் விழுந்த ரோட்டில் ஆட்டுக்கு பிரேக் போட்டு நீயாக வழுக்கி விழுந்தால், பின்னால் இருக்கிற அவளுக்கு யார் கொடுப்பார்கள்?

என் கதை உனக்குத் தெரியும், முழுசாகத் தெரியாது. 2023 டிசம்பர் 17, 18-ல் ஆற்றுத் தண்ணீர் மீனாட்சிபுரத்துக்குள் வந்தபோது, என் கார் கண்ணாடி வரை மூழ்கிக் கிடந்தது. முழு பாலிசி இருக்கிறது என்று தைரியமாக இருந்தேன். தண்ணீர் வடிந்ததும் சாவியைப் போட்டுத் திருகினேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்ஜினுக்குள் தண்ணீர் நிற்கும்போது ஸ்டார்ட் செய்ததால் உள்ளே இருக்கிற கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் சீட்டு, வயரிங் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். இன்ஜினை மட்டும் "நீங்க ஸ்டார்ட் பண்ணதால வந்தது சார்" என்று அடித்துவிட்டார். இன்ஜினுக்கு மட்டும் கைக்காசு 62 ஆயிரம். இன்ஜின் புரொடெக்‌ஷன் என்று தனியாக ஒரு சேர்க்கை உண்டு. அதை வேண்டாம் என்று சொன்னது நான்தான். அதை வாங்கினாலும் தண்ணீர் ஏறிய வண்டியைத் தொடாதே, மெக்கானிக் வந்து பார்க்கட்டும்.

சரி, உனக்கு என்ன வேண்டும்? ஓன் டேமேஜ் முதலில். 'பம்பர் டு பம்பர்' என்கிறார்களே, தேய்மானம் கழிக்காமல் தருகிற அந்த ஜீரோ டெப் சேர்த்துக்கொள். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் சாமானுக்குப் பாதி விலைதான் தருவார்கள். உனக்கு 15 லட்சம் பி.ஏ., அதான் தனிநபர் விபத்துக் காப்பீடு, இன்னும் ஓடுகிறதா பார், பின்னால் இருப்பவருக்கும் பி.ஏ. கேள். சாவி தொலைந்தால் காசு, நடுரோட்டில் உதவி என்று அடுக்குவார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிரீமியம் குறையட்டும் என்று வண்டி மதிப்பை, அதான் ஐ.டி.வி., இறக்கிப் போடுவார்கள். விடாதே. ஒரு வருஷம் தாண்டிய வண்டிக்கு 20 சதவீதம்தான் கழிக்க வேண்டும்.

முடிந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால் கிளெய்ம் பண்ணாததற்கான 20 சதவீதத் தள்ளுபடி நிற்கும். இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் இடையில் விட்டுப்போனதால் வண்டியைப் போட்டோ, வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். வருகிற ஞாயிறு வா, சேர்ந்தே பார்ப்போம். வரும்போது கழுவிவிட்டுக் கொண்டு வா, சேறு அப்பிக் கிடக்கிறது.

மாமா