அப்பாச்சி 28 போதும், இனி பிரசண்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவிடமிருந்து ராணுவத்துக்கு வாங்கிய ஆறு அப்பாச்சி தாக்குதல் ஹெலிகாப்டர்களும் ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டன. விமானப்படையிடம் ஏற்கெனவே 22 இருக்கின்றன. ஆக மொத்தம் 28. தாக்குதல் ஹெலிகாப்டர்களை வெளிநாட்டிலிருந்து வாங்குவதை இத்தோடு நிறுத்திக்கொண்டு, நம் நாட்டிலேயே செய்யும் பிரசண்ட் தாக்குதல் ஹெலிகாப்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஏனென்றால் "இன்னும் கொஞ்சம் வாங்கலாமே" என்ற பேச்சு நின்றபாடில்லை. இந்தியாவுக்கு ஆயுத விற்பனையைப் பல நூறு கோடி டாலர் கூட்டப் போவதாக 2025 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் டிரம்ப் நம் பிரதமரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அறிவித்தார். வர்த்தகப் பேச்சு, வரி நெருக்கடி என்று எது வந்தாலும் அதைச் சமாளிக்க இரண்டு ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) ஹெலிகாப்டர் வாங்கிவிடலாம் என்று யாராவது டெல்லியில் நினைத்தால் அது நாட்டுக்கு நல்லதில்லை.

நான் விமானப்படையில் ஹெலிகாப்டர் பராமரிப்புப் பிரிவில் தரைப் பணியாளனாக இருந்து ஓய்வுபெற்றவன். விமானி இல்லை, அதிகாரியும் இல்லை. ஸ்பேனர் பிடித்த கை. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாச்சி அருமையான இயந்திரம், அதில் சந்தேகமே இல்லை. விசிறிக்கு மேலே உருண்டையாக ஒன்று உட்கார்ந்திருக்குமே, அதுதான் லாங்போ ரேடார். ஹெலிகாப்டர் ஒரு குன்றுக்குப் பின்னால் மறைந்து நின்றுகொண்டு அந்த உருண்டையை மட்டும் மேலே காட்டி, எதிர்ப்பக்கம் எத்தனை டாங்க் நிற்கிறது என்று எண்ணிவிடும். விமானி தலையைத் திருப்பினால் மூக்குக்குக் கீழே இருக்கும் 30 மி.மீ. பீரங்கியும் கூடவே திரும்பும். 2012-ல் ரஷ்யாவின் எம்ஐ-28-ஐத் தள்ளிவிட்டு இதைத் தேர்ந்தெடுத்தார்கள், 2015 செப்டம்பரில் 15 சினூக் சரக்கு ஹெலிகாப்டர்களையும் சேர்த்து ஏறக்குறைய 300 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள், 2019 செப்டம்பர் 3-ந் தேதி பதான்கோட்டில் 125-வது ஸ்குவாட்ரனில் சேர்த்தார்கள். 2020 ஜூலைக்குள் 22-ம் வந்துவிட்டன. அந்த வருடமே லடாக்கில் சீனாவோடு கைகலப்பு வரை போன சமயத்தில் லே வானத்தில் இவை சுற்றியதைப் பார்த்து எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. பழைய ரஷ்யத் தாக்குதல் ஹெலிகாப்டர்களான எம்ஐ-35-களுக்கு வயதாகிவிட்டது, நம்முடைய சொந்த ஹெலிகாப்டர் அப்போது தயாராகவில்லை. வேறு வழியே இல்லாதபோது வாங்கினோம், சரி.

இப்போது நிலைமை அதுவா?

கார்கிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1999 மே மாதம் தோலோலிங் பக்கம் மலையுச்சியில் உட்கார்ந்திருந்த ஊடுருவல்காரர்களை அடிக்க விமானப்படை அனுப்பியது எம்ஐ-17. அது ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிப்போகச் செய்த ஹெலிகாப்டர், அதில் ராக்கெட்டைக் கட்டி அனுப்பினார்கள். தாக்குதலுக்கென்றே இருந்த எம்ஐ-35-ஐ ஏன் அனுப்பவில்லை என்றால் அந்த உயரத்தில் அதனால் வேலை செய்ய முடியாது. மே 28-ந் தேதி எம்ஐ-17 ஒன்று ஏவுகணையில் அடிபட்டு விழுந்து அதில் இருந்த நான்கு பேரும் வீரமரணம் அடைந்தார்கள். அதோடு ஹெலிகாப்டர் தாக்குதலையே நிறுத்த வேண்டியதாயிற்று.

மலைக்காற்று என்ன செய்யும் என்பதைக் கிட்ட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். விசிறிக்குப் பிடிமானம் குறையும், என்ஜினுக்கும் மூச்சு குறையும், இரண்டும் ஒரே நேரத்தில். வெயில் ஏறினால் இன்னும் மோசம், அதனால்தான் லே போன்ற இடங்களில் முடிந்தவரை காலையிலேயே பறந்து முடித்துவிடப் பார்ப்பார்கள். நாங்கள் விடியற்காலையில் விரல் மரத்துப்போக நின்று, வேண்டாத ஒவ்வொரு கிலோவையும் கழற்றி வைப்போம். கதவு, இருக்கை, போகும் தூரத்துக்கு மேல் உள்ள எரிபொருள் எல்லாம் இறங்கும். சியாச்சினின் உச்சியில் உள்ள சாவடிகளுக்குச் சீட்டா ஹெலிகாப்டர் ஒரு தடவையில் கொண்டுபோகும் சுமை சில பத்து கிலோதான். அப்படிப்பட்ட இடத்தில் பீரங்கி, ராக்கெட், ஏவுகணை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஒரு ஹெலிகாப்டர் போக வேண்டும் என்றால், அதை அந்த மலைக்கென்றே செய்திருக்க வேண்டும்.

பிரசண்ட் அப்படிச் செய்யப்பட்டதுதான். கார்கிலில் பட்ட பாட்டிலிருந்து பிறந்த திட்டம். அரசின் எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நிறுவனம் பெங்களூரில் வடிவமைத்து 2010 மார்ச்சில் முதன்முதலாகப் பறக்கவிட்டது. முழுச்சுமையில் அதிகபட்ச எடை 5.8 டன், அப்பாச்சியோ பத்து டன்னைத் தாண்டும். சியாச்சினிலேயே இறங்கிக் காட்டிய தாக்குதல் ஹெலிகாப்டர் இது. ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் ஆயுதமும் எரிபொருளுமாக இறங்கி ஏறக்கூடியது. 20 மி.மீ. பீரங்கி, 70 மி.மீ. ராக்கெட், வானத்தில் வரும் எதிரியை அடிக்க மிஸ்ட்ரல் ஏவுகணை. என்ஜின் பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய சக்தி. 2022 அக்டோபர் 3-ந் தேதி ஜோத்பூரில் படையில் சேர்த்தார்கள். 2025 மார்ச்சில் 156 பிரசண்டுக்கு 62,700 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தமும் போட்டாயிற்று, 66 விமானப்படைக்கு, 90 ராணுவத்துக்கு. மதிப்பில் 65 சதவீதத்துக்கு மேல் உள்நாட்டுப் பொருள் இருக்கும் என்கிறது பாதுகாப்பு அமைச்சகம், 250-க்கும் மேற்பட்ட உள்நாட்டு நிறுவனங்களுக்கு வேலை. நம் தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் பெருவழியில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து ஊர்கள் இருக்கின்றன. கோவையில் லேத்தும் சிஎன்சியும் வைத்துக்கொண்டு ஆர்டருக்குக் காத்திருக்கிறவர்களை எனக்கே தெரியும். அவர்களுக்கு அப்பாச்சியால் என்ன வந்துவிடப் போகிறது?

ஹைதராபாத்தில் டாடாவும் போயிங்கும் சேர்ந்து 2018-லிருந்து அப்பாச்சியின் உடற்கூட்டைச் செய்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், நல்ல வேலையும்தான். ஆனால் அந்தக் கூடு கடைசியில் அமெரிக்காவின் அரிசோனாவுக்குப் போய்த்தான் ஹெலிகாப்டர் ஆகிறது. என்ஜின், ரேடார், மென்பொருள், ஏவுகணை எதுவும் நம் கையில் இல்லை. இன்னொன்றையும் பாருங்கள், 22 ஹெலிகாப்டருக்கு நாம் வாங்கிய லாங்போ ரேடார் 12 மட்டும்தான்.

விலையையும் ஒப்பிடலாம். ராணுவத்துக்கான ஆறு அப்பாச்சிக்கு 2017-ல் ஒப்புதல் தந்தபோது சொன்ன தொகை 4,168 கோடி ரூபாய், ஒன்றுக்கு 695 கோடி அளவில். பிரசண்ட் கணக்கு ஒன்றுக்கு 402 கோடி வருகிறது, அதுவும் எட்டு வருடம் கழித்துப் போட்ட ஒப்பந்தத்தில். இரண்டிலும் ஆயுதம், பயிற்சி, உதிரிப் பொருள் என்று சேர்ந்திருப்பவை வேறு வேறு, அப்பாச்சி பெரியது, கனமானது, ஆகவே இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனாலும் வித்தியாசம் சின்னதில்லை.

விலையைவிட என்னைக் கவலைப்பட வைப்பது காத்திருப்பு. அந்த ஆறுக்கும் 2020 பிப்ரவரியில் டிரம்ப் இங்கே வந்தபோது ஒப்பந்தம் ஆனது. 2024 மார்ச்சில் ஜோத்பூரில் அதற்கென்று ஒரு ஸ்குவாட்ரனையே தொடங்கிவிட்டார்கள். ஹெலிகாப்டர் வரவில்லை. மாதக்கணக்கில் வரவில்லை. 2025 ஜூலையில்தான் முதல் மூன்று ஹிண்டன் விமானத் தளத்தில் இறங்கின, மிச்சம் மூன்று டிசம்பரில். இடையில் மே மாதம் பாகிஸ்தானோடு சண்டையே வந்து போனது. பயிற்சி முடித்த விமானிகள், தயாரான ஹாங்கர், வரிசையாக அடுக்கிய கருவிப் பெட்டிகள் எல்லாம் இருந்து, ஓடுதளத்தில் ஹெலிகாப்டர் மட்டும் இல்லை என்றால் அந்த யூனிட்டில் இருப்பவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சோவியத் யூனியன் உடைந்த பிறகு உதிரிப் பொருளுக்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஒரு சின்ன பம்ப், ஒரு சீல், அவ்வளவுதான் வேண்டும். எழுதி அனுப்புவோம், பதில் வராது. ஹெலிகாப்டர் மேல் ஏ.ஓ.ஜி. என்று பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கும், அதாவது பொருள் இல்லாமல் தரையில் நிற்கிறது. கடைசியில் பக்கத்தில் நிற்பதிலிருந்து கழற்றி இதில் மாட்டுவோம். இது பறக்கும், அது எலும்புக்கூடாக நிற்கும். அப்புறம் இதில் வேறொன்று போகும்.

உதிரிப் பொருள் தாமதமானால்கூட எப்படியாவது சமாளிக்கலாம். அரசியல் காரணத்துக்காகக் கதவை மூடினால் என்ன செய்வது? 1998-ல் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா தடை போட்டதும் நம் கடற்படையின் சீ கிங் ஹெலிகாப்டர்கள் உதிரிப் பொருள் இல்லாமல் முடங்கின. சீ கிங் நாம் பிரிட்டனிடம் வாங்கியது. அதை முடக்க அதற்குள் இருந்த அமெரிக்கப் பாகங்களே போதுமானதாக இருந்தது. பாகிஸ்தானின் கதை இன்னும் தெளிவு. 2015-16-ல் அமெரிக்காவின் வைப்பர் தாக்குதல் ஹெலிகாப்டர் பன்னிரண்டுக்கு ஆர்டர் கொடுத்தார்கள், செய்து முடித்தவை அரிசோனா பாலைவனக் கிடங்கில் போய் நின்றன, பாகிஸ்தானுக்கு வரவே இல்லை. சரி என்று துருக்கியிடம் டி-129 முப்பது கேட்டார்கள், அதன் என்ஜினில் அமெரிக்கப் பங்கு இருந்ததால் ஏற்றுமதி அனுமதி கிடைக்கவில்லை, அதுவும் போயிற்று. எதிரி நாட்டுக்கு நடந்தது என்று சந்தோஷப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை. நாளைக்கு நமக்கும் நடக்கலாம்.

போர்க்களமும் மாறிக்கொண்டிருக்கிறது. உக்ரைனில் ரஷ்யாவின் கேஏ-52 தாக்குதல் ஹெலிகாப்டர்கள் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணையிலும் மற்றதிலும் நிறைய விழுந்தன. ஜப்பான் 2022 டிசம்பரில் தன் தாக்குதல் ஹெலிகாப்டர்களைப் படிப்படியாக ஒதுக்கிவிட்டு ட்ரோன்களுக்குப் போவதாக முடிவெடுத்தது. தென்கொரியா இரண்டாவது தவணையாக வாங்கவிருந்த 36 அப்பாச்சியை 2025-ல் கைவிட்டது. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை, மலைப்பகுதியில் ஹெலிகாப்டருக்கு இன்னும் வேலை இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இவ்வளவு பேர் யோசித்துப் பின்வாங்கும் நேரத்தில் நாம் போய்ப் புதிதாக ஆர்டர் கொடுக்கலாமா?

இதையெல்லாம் சொல்லிவிட்டு எச்ஏஎல் பக்கத்தைப் பேசாமல் விட்டால் அது நேர்மையாகாது. 2010-ல் பறந்த பிரசண்ட் 2022-ல்தான் படைக்கு வந்தது. பன்னிரண்டு வருடம்! 2025 ஜனவரியில் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ், அதுவும் எச்ஏஎல் செய்த ஹெலிகாப்டர், விழுந்து மூன்று பேர் இறந்ததும் நாட்டில் உள்ள துருவ் எல்லாவற்றையும் தரையிறக்கி மாதக்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். பிரசண்டின் பல முக்கியப் பாகங்கள் அந்தத் துருவ் வழி வந்தவைதான். விமானப்படைத் தளபதியே அந்த நிறுவனத்தின் மேல் இருந்த அதிருப்தியை வெளிப்படையாகப் பேசும் நிலை 2025-ல் வந்தது. ஆகவே உள்நாட்டுத் தயாரிப்பு என்ற ஒரே காரணத்துக்காகக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. தரத்தில் தப்பு நடந்தால் சாகிறவர்கள் எங்கள் பிள்ளைகள். ஆனால் பெங்களூரில் தப்பு நடந்தால் நாம் கேள்வி கேட்கலாம், நாடாளுமன்றக் குழு அழைத்து விசாரிக்கலாம், திருத்த வைக்கலாம். அரிசோனாவில் அது நடக்காது.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று அப்பாச்சி வைத்திருக்கும் அதே 125-வது ஸ்குவாட்ரன்தான் அமைதிப்படை காலத்தில் எம்ஐ-25-களோடு இலங்கையின் வடக்கில் பறந்தது. 1987 அக்டோபரில் சாவகச்சேரியில் ஹெலிகாப்டர் தாக்குதலில் பொதுமக்கள் இறந்ததை யாழ்ப்பாணத்து மக்கள் இன்னும் மறக்கவில்லை. படையில் இருந்தவன் என்பதால் நான் இதைப் பேசாமல் இருக்க முடியாது. தாக்குதல் ஹெலிகாப்டர் என்பது குடியரசு தின அணிவகுப்பில் பார்த்துக் கைதட்டும் பொருள் இல்லை. எதை வாங்குகிறோம், எதற்கு வாங்குகிறோம் என்பதை மக்கள் மன்றத்தில் பேசி முடிவெடுக்க வேண்டும். ஒரு தலைவர் வந்து போகும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற விஷயமாக இருக்கக் கூடாது.

பணம் இருந்தால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. கையில் உள்ள 28 அப்பாச்சிக்கு உதிரிப் பொருளும் ஏவுகணையும் போதுமான அளவு வாங்கி வையுங்கள். பிரசண்டுக்கு நம் சொந்த டாங்க் எதிர்ப்பு ஏவுகணையை முழுமையாகப் பொருத்துங்கள். அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ செய்த ஹெலினா ஏவுகணை துருவிலிருந்து ஏவி 2021-லேயே படைச் சோதனைகளை முடித்தது, இன்னும் எவ்வளவு காலம் காத்திருப்பது? முன்னணித் தளங்களில் ஹாங்கர் கட்டுங்கள், பனியில் திறந்தவெளியில் வேலை பார்க்கும் டெக்னீஷியனுக்கு நல்ல கையுறை கொடுங்கள், இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

நம் மாநிலத்து நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் உங்கள் செய்தித்தாள் வழியாக நான் வேண்டுவது இரண்டுதான். 28 அப்பாச்சியில் இன்று பறக்கும் நிலையில் இருப்பவை எத்தனை என்று அவையில் கேளுங்கள், 2024 ஏப்ரலில் லடாக் மலையில் அவசரமாக இறங்கிச் சேதமடைந்ததன் கதி என்ன என்பதையும் சேர்த்தே கேளுங்கள். ஒப்பந்தப்படி பிரசண்ட் வரத் தொடங்க வேண்டியது மூன்றாவது வருடத்தில், அதாவது 2028-ஐ ஒட்டி. அந்தத் தேதி தள்ளிப்போனால் யார் பதில் சொல்வது என்பதை இப்போதே எழுத்தில் வாங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப்படைப் பணியாளர்,
கோவை