திருப்பிக் கொடுக்காதே, பாப்பா

கும்பகோணம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நீ போனை வைத்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. வயலின் கைக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள், "சத்தம் தொண்டையிலேயே நிக்குதுப்பா, திருப்பிக் கொடுத்துட்டுப் பழசு ஒண்ணு பாக்கட்டுமா" என்று கேட்டுவிட்டாய். அப்போது எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். திருப்பிக் கொடுக்காதே.

போன வருஷம் ஆனி மாதம் இத்தாலியில் மிலானிலிருந்து ரயிலில், வயலின் வேலைக்குப் பேர்போன கிரெமோனாவுக்குக் கூட்டிப் போனாயே, நினைவிருக்கிறதா? நீ வெளியே போன் பேசிக்கொண்டிருந்த அரைமணி நேரமும் உன் வயலினைச் செய்துகொண்டிருந்த ஆசாரி பக்கத்திலேயே நான் நின்றிருந்தேன். வயலின் செய்பவர் என்பதால் நீங்கள் அவரை லியுத்தாயோ என்கிறீர்கள். எனக்கு அவர் ஆசாரிதான். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. உளியை எடுத்து வைத்தார், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உன் வயலின் அன்று வார்னிஷ் போடாத வெள்ளை உடம்பாகக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு வயலினுக்கான மேல் பலகை. அந்த நாட்டு வடக்கு மலைப் பக்கத்து ஃபியெம்மே பள்ளத்தாக்கில் விளைந்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம், குளிரில் மெதுவாக வளர்ந்ததால் ரேகைகள் நெருக்கி நெருக்கி ஓடுகின்றன. இரண்டு பாதியையும் சேர்க்கும் விளிம்பை இழைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னலுக்கு எதிரே பிடித்துக் காட்டினார். நடுவில் மயிரிழை வெளிச்சம்கூட வரவில்லை. நாற்பது வருஷம் கதவும் ஜன்னலும் செய்த கை இது. அப்படி ஓர் இணைப்பை நான் செய்ததில்லை.

அப்புறம் செதுக்கி முடியப்போகும் பலகை ஒன்றை எடுத்தார். கனம் சுமார் மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். அளக்கும் கருவி மேஜையிலேயே கிடந்தது. இருந்தாலும் பலகையைக் காதருகே பிடித்து விரலால் தட்டினார். விரல் நீள இழைப்புளியால் இரண்டு சீவல் எடுத்தார். மறுபடி தட்டினார். இப்படி எழுபது துண்டுக்கு மேல் சேர்த்தால்தான் ஒரு வயலின். மெஷின் கிடையாது, ஸ்ப்ரே கிடையாது. அங்கே ஒருவர் வருஷத்துக்கு மூன்றிலிருந்து ஆறு வரைதான் செய்கிறார் என்று நீ சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ஊர்க் கைவேலையை 2012ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியக் கலைகளின் பட்டியலில் சேர்த்தது நியாயம்தான்.

இனி எழுதப் போவதை உன்னிடம் எப்போதோ சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு மூலையில் வச்சிரம், அதாவது தோலைக் காய்ச்சி எடுக்கும் மரப்பசை, சூடாகிக்கொண்டிருந்தது. என் அப்பா பட்டறையில் இருந்த அதே வாசனை. ஆசாரி ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு வயலினை எடுத்து, மெல்லிய கத்தியை விளிம்பில் நுழைத்து மெதுவாக நகர்த்தினார். சின்னச் சின்னச் சத்தத்தோடு மேல் பலகை கழன்று வந்தது. மரத்துக்கு ஒரு காயமும் இல்லை. எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

உனக்கு ஒன்பது வயதில் வாங்கிக் கொடுத்த செகண்ட் ஹேண்ட் வயலினின் விளிம்பு விட்டுப்போனதே, அதை நான் வெள்ளைப் பசை போட்டு ஒட்டினேன். கதவு ஒட்டுகிற மாதிரி கெட்டியாக. அடுத்த சித்திரை வெயிலில் பலகை சுருங்கியது. ஒட்டு அசையவில்லை, பலகைதான் ரேகையோடு வெடித்தது. அரங்கேற்றத்துக்கு நீ இரவல் வயலின் வாங்கி வாசித்தாய். மரம் சரியில்லை பாப்பா என்று உன்னிடம் சொன்னேன். மரத்தின் மேல் தப்பில்லை. வச்சிரம் போட்டிருந்தால் ஒட்டு விட்டுக் கொடுத்திருக்கும், பலகை பிழைத்திருக்கும். என்னை மன்னித்துக்கொள்.

அதனால்தான் இதைச் சொல்கிறேன். அவர் செய்து தந்தது மறுபடி திறக்கவும் திருத்தவும் இடம் வைத்த வேலை. புது உடம்பு தந்தியின் இழுவைக்குப் பழகும்போது வளைவு கொஞ்சம் நகரத்தான் செய்யும். உள்ளே மேல் பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் பசை இல்லாமல் நிற்கும் குச்சியைக் காட்டினாரே, ஆனிமா, உயிர் என்று அர்த்தம் என்றாய். அது அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே குரல் மாறும். முதல் வருஷத்தில் அந்தக் குச்சியைச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் நாலு தந்தியையும் ச-ப-ரி-த என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். நாம் ச-ப-ச-ப. அப்படியென்றால் மேல் இரண்டு தந்தியும் அவர்கள் வைப்பதைவிட ஒரு முழு சுரம் இறங்கி நிற்கும், பலகைமேல் அழுத்தமும் குறையும். அவர் தம் ஊர்ச் சுருதிக்குத்தானே தந்தியைத் தாங்கும் குதிரையும் உள்ளே குச்சியும் வைத்திருப்பார்? அவர் பட்டறையிலேயே தரையில் உட்கார்ந்து, உன் சுருதியில், கமகத்தோடு வாசித்துக் காட்டு. அவர் கேட்கட்டும். கேட்கிற காது அவருக்கு இருக்கிறது.

பழையது வேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் 2012ல் பாரிஸில் கண்ணை மறைத்து நடத்திய சோதனையில் பத்து பெரிய வித்வான்களில் ஆறு பேர் புது வயலினைத்தானே எடுத்தார்கள்? அதை எனக்குச் சொன்னதே நீதான்.

ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே. குளிர்காலத்தில் பெட்டிக்குள் ஈரப்பதத்தைக் கவனித்துக்கொள். அம்மா நன்றாக இருக்கிறாள், முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

அவர் குச்சியை நகர்த்திய அன்றைக்கு ராத்திரியே எனக்குப் போன் பண்ணு. பேசக்கூட வேண்டாம். நாலு தந்தியிலும் வெறுமனே வில்லை இழு. நான் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா